‘ஊழியத்தை விட்டுப் போவது பாவமா?’ – ஒரு சகோதரியின் கடிதமும் பதிலும்

குமரி மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஒரு சபையில் முழுநேர ஊழியத்தில் இருக்கும் 29 வயதுச் சகோதரி ஒருவர் ஒன்பது பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பி.காம். முடித்த கையோடு, 22 வயதில், ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில் தம் வாழ்நாள் முழுவதையும் ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்தவர் இவர். அடுத்த மாதமே அந்தச் சபையின் அலுவலகத்தில் சேர்ந்தார். கணக்கு எழுதுவது, காணிக்கைக்கு ரசீது போடுவது, ஞாயிறு பள்ளியில் 23 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என்று தொடங்கிய வேலை, நாளடைவில் போதகரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது, அவர் வீட்டுத் துணிகளை மடிப்பது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் எல்லாருடைய டம்ளர்களையும் கழுவி அடுக்குவது என்று வளர்ந்துவிட்டது. தங்குவதற்குச் சபைக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறையும், மாதம் 4,000 ரூபாய் ‘அன்பின் உதவி’யும் கொடுக்கிறார்கள். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று முதல் வாரத்தில் வாங்கி வைத்த சான்றிதழ்கள் இன்றும் அலுவலக பீரோவில்தான் இருக்கின்றன.

ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியான அவருடைய தகப்பனாருக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தாயாரால் ஒருவராய் அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. ஊருக்கு அருகே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலை தயாராக இருக்கிறது. இதைச் சொல்லிப் போக அனுமதி கேட்டபோது, “கலப்பையில் கை வைத்தவள் பின்னிட்டுப் பார்க்கலாமா?” என்று போதகர் கேட்டிருக்கிறார். அபிஷேகம்பண்ணப்பட்டவர்களுக்கு விரோதமாக முறுமுறுத்தால் என்ன நடக்கும் என்று அறிவாயா என்றும் எச்சரித்திருக்கிறார். தகப்பனாரின் நோய்க்கே இவருடைய மனத்தடுமாற்றம்தான் காரணம் என்று போதகரின் மனைவி சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தாயாரின் அறுவைச் சிகிச்சைக்குச் சபை கொடுத்த 40,000 ரூபாய், அன்றைக்குக் காணிக்கை என்று சொல்லப்பட்டது, இன்றைக்குக் கடனாகப் பேசப்படுகிறது.

“நான் கிறிஸ்துவின் அடிமை என்றுதானே வேதம் சொல்கிறது? அடிமைக்குப் போக உரிமை உண்டா? போனால் அது பாவமா?” என்று கேட்கிறார். அதே கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது: “விடுதலை கிடைத்துவிட்டால் இனி எவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கமாட்டேன்.”

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: நோயாளியான தகப்பனாரைக் கவனித்துக்கொள்ள நீங்கள் அந்தச் சபையின் வேலையை விட்டுப் போவது பாவமல்ல. நான் ஒரு பக்கத்துச் செய்தியை மட்டுமே கேட்டிருக்கிறேன். உங்கள் போதகரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆயினும் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு வரங்கள் பெற்றவராக இருந்தாலும், இந்தப் பதில் மாறாது.

‘அடிமை’ என்ற சொல்லைப் பற்றி

உங்கள் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், விலைக்கு வாங்கப்பட்ட அடிமையைக் குறிக்கும் ‘டூலோஸ்’ என்ற சொல்லும், பந்தியில் பரிமாறுகிறவரைக் குறிக்கும் ‘டியாக்கொனோஸ்’ என்ற சொல்லும் தனித்தனியாக வருகின்றன. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) இவ்விரண்டின் வினைகளும் பெரும்பாலும் ‘ஊழியஞ்செய்தல்’ என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டுவிட்டன. போதாக்குறைக்கு இன்றைய சபைப் பேச்சில் ‘ஊழியம்’ என்பது ஒரு நிறுவனத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. ஆகவே ‘நான் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன்’ என்று நீங்கள் ஆண்டவரிடம் சொன்னதும், ‘எங்கள் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தாய்’ என்று மனிதர்கள் உங்களிடம் சொல்வதும் ஒரே செய்திபோல உங்கள் காதில் விழுகிறது. முதலாவது ஜெபம். இரண்டாவது ஓர் அலுவலகத்தின் ஆள்பற்றாக்குறை.

நீங்கள் குமரி மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் இதையும் சொல்லவேண்டும். பழைய திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்பது அரசுக்கும் கோவில்களுக்கும் மேல்சாதியாருக்கும் கூலியில்லாமல் செய்தாகவேண்டிய கட்டாய வேலையின் பெயர். சுமை தூக்கவும் ஓலை வெட்டிக்கொடுக்கவும் உங்கள் ஊர்களின் எளிய மக்கள் அழைத்த நேரத்தில் போய் நிற்கவேண்டியிருந்தது. 1855-இல் அங்கே அடிமைமுறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு வந்தது; 1859-இல், மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்கு ஓரளவு தீர்வு பிறந்தது. சுவிசேஷம் அந்த மக்களிடம் வந்தபோது, ‘நீங்கள் தேவனுடைய பிள்ளைகள்’ என்று அவர்கள் கேட்ட வார்த்தை வெறும் ஆறுதலாக நின்றுவிடவில்லை. முதுகை நிமிர்த்தி நடக்கும் துணிச்சலாகவும் அது மாறியது. அப்படிப்பட்டவர்களின் பேத்திக்கு, அதே ‘ஊழியம்’ என்ற சொல்லைக் கொண்டே, கூலி கேட்பதும் வீட்டுக்குப் போகக் கேட்பதும் அவிசுவாசம் என்று போதிக்கப்படுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

வேதாகமத் தமிழில் இன்னொரு அழகான வழக்கு உண்டு. நாம் இன்று ‘சுதந்திரம்’ என்று சொல்வதைப் பழைய திருப்புதல் ‘சுயாதீனம்’ என்றோ ‘விடுதலை’ என்றோ சொல்லும். அதில் ‘சுதந்தரம்’ என்றால் தகப்பன் சொத்தில் பிள்ளைக்கு வரும் பங்கு. கலாத்தியர் நான்காம் அதிகாரத்தில் பவுல், “இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், புத்திரனானால் தேவனுடைய ‘சுதந்தரன்’ என்கிறார். பிள்ளையாகவும் பங்குள்ளவராகவும் இருக்கிற ஒருவருக்குத்தான் ஐந்தாம் அதிகாரத்தில், சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீர்கள், “அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்” என்ற கட்டளை வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பிள்ளை, பிறகு ஊழியம். பவுல் அங்கே ‘ஒருவருக்கொருவர்’ என்றார். ஏழு ஆண்டுகளாக ஒரே ஒருவர் மட்டும் டம்ளர் கழுவுகிற இடத்தில் அந்தச் சொல் எங்கே போயிற்று என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு.

1505-இல் இடிமழைக்கு நடுவே பயந்துபோய்ப் பொருத்தனை (கடவுளுக்கு நேர்ச்சை) பண்ணித் துறவியானவர் மார்ட்டின் லூத்தர். 1520-இல் அவர் எழுதிய சிறு நூல் ஒன்று, கிறிஸ்தவர் எவருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர் என்றும், கிறிஸ்தவர் எல்லாருக்கும் கீழ்ப்பட்ட ஊழியர் என்றும், ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும் இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்தது. இரண்டும் ஒரே ஆளுக்குச் சொல்லப்பட்டவை. இரண்டாவதை மட்டும் பிரித்தெடுத்துச் சபையின் எளியவர்களுக்கும், முதலாவதை மட்டும் எடுத்துத் தலைவர்களுக்கும் கொடுத்துவிட்டால், இரண்டுமே பொய்யாகிவிடும்.

நீங்கள் ஜெபத்தில் அடிக்கடி, ‘யாத்திராகமத்தில் வரும் அடிமையைப்போல என் காதையும் குத்தும் ஆண்டவரே’ என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை மெதுவாக வாசித்துப் பாருங்கள். எபிரெய அடிமை ஆறு வருஷம் வேலைசெய்தபின் ஏழாம் வருஷத்தில் ஒன்றும் கொடாமல் விடுதலை பெற்றுப் போகவேண்டும் என்பதே அங்கே முதல் கட்டளை. உபாகமம் 15-ஆம் அதிகாரம் அதற்குமேலும் போய், அவனை வெறுங்கையாய் அனுப்பாமல் ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்து அனுப்பச் சொல்கிறது. அப்படிப் போகத் தடையே இல்லாத நிலையில் ஒருவன், ‘எஜமானை நேசிக்கிறேன், எனக்குப் போக மனதில்லை’ என்று தானாகச் சொன்னால் மட்டுமே அவனைக் கதவினருகே நிறுத்திக் காதைக் குத்துவார்கள். அந்தச் சடங்கு நடக்கிற இடமே கதவுதான். கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு ஒருவரின் காதைக் குத்தினால், அது வெறும் காயம் மட்டுமே. உங்களுக்கும் இது எட்டாவது வருஷம், சகோதரி.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனங்கள்

கலப்பையைப் பற்றிய வசனம் லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நான் இலகுவாகத் தள்ளிவிட விரும்பவில்லை; ஏனென்றால் அதற்குச் சற்று முன்னே, தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனுக்கும் ஆண்டவர் கடினமான பதிலைத்தான் கொடுத்தார். தகப்பன் தாயைவிடத் தம்மை மேலாக வைக்கும்படி இயேசு கேட்கிறார் என்பது உண்மை. ஆனால் அந்த இடம் அவருக்கு மட்டுமே உரியது. அவர் தமக்கென்று கேட்டதை வேறெந்த மனிதரும் தம் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியாது. அதே இயேசு, மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடப் போதித்த மதத்தலைவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். உங்கள் நிலைக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம். உங்கள் தகப்பனாருக்கு உரிய கைகளைக் ‘கொர்பான்’ என்று சொல்லி ஓர் அலுவலகம் வைத்துக்கொள்கிறது. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டே ஆண்டவர் ஜீவனை விட்டார்.

‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்’ என்பது 105-ஆம் சங்கீதத்தில் உள்ளது. அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் யார்? கொஞ்சப்பேராய், பரதேசிகளாய், ஊர் ஊராகத் திரிந்த முற்பிதாக்கள். எச்சரிக்கப்பட்டவர்கள் யார்? ராஜாக்கள். எளியவரை வலியவரிடமிருந்து காக்கச் சொல்லப்பட்ட வார்த்தை, இன்று பல மேடைகளில் திசைமாறி நிற்கிறது. யோவான் தம் முதல் நிருபத்தில் சாதாரண விசுவாசிகளைப் பார்த்தே, நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்று எழுதுகிறார். அபிஷேகம் பெற்றவர்களின் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்.

தகப்பனாரின் நோயைக் குறித்துச் சொல்லப்பட்டதை மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். பிறவிக்குருடனைக் கண்டு ‘யார் செய்த பாவம்’ என்று கேட்ட சீஷருக்கு, அவன் செய்ததுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்று ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். பக்கவாதத்துக்கு இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை என்று மருத்துவர் பார்க்கவேண்டிய காரணங்கள் உண்டு. மகளின் மனத்தடுமாற்றம் அந்தக் காரணங்களில் சேராது.

இனி முகாமில் நீங்கள் செய்த பொருத்தனை. பொருத்தனையை விளையாட்டாக எண்ணக்கூடாது என்று வேதத்தில் பிரசங்கி புத்தகம் சொல்வதை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அன்றிரவு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே பாருங்கள்: ‘ஆண்டவரே, என் வாழ்நாள் முழுவதும் உமக்கு.’ இந்த வாக்கியத்தில் சபையின் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதும்போதும், படுக்கையில் கிடக்கிற தகப்பனாருக்குக் கஞ்சி ஊட்டும்போதும் அந்தப் பொருத்தனை நிறைவேறிக்கொண்டுதான் இருக்கும்.

என் பக்கத்திலிருந்து ஒன்று

நான் இளம் போதகராக இருந்த நாள்களில், பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் வழக்கம் எங்கள் சபையில் இருந்தது. ஆலயப் பணிவிடைக்காரரான எங்கள் கோவில்பிள்ளை வெதுவெதுப்பான தண்ணீரைப் பித்தளைத் தாம்பாளத்துக்கு அருகே கொண்டுவந்து வைப்பார். நான் ஒவ்வொருவராகக் கழுவத் துவாலையை நீட்டுவார். கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் ஊற்றுவார். ஐந்து ஆண்டுகள் அப்படியே நடந்தது. ஐந்தாம் ஆண்டு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஈரத் தரையை மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிகாலில் விரல் நுழையும் அளவுக்குப் பித்தவெடிப்பு. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக அவரை உட்காரவைக்க எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. நான் தாழ்மையை நடித்துக் காட்டுவதற்கு ஒரு வேலைக்காரர் தேவைப்பட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு அவரை முதல் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். “வேண்டாம் ஐயா, தண்ணி யாரு எடுப்பா?” என்றார். சபையின் செயலர் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்தார்.

அதன் பிறகே யோவான் 13-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் என் கண்ணில் பட்டது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்துக்குப் போகிறார் என்றும் ‘அறிந்து’ இயேசு எழுந்து, வஸ்திரத்தைக் கழற்றி, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொண்டார். தாம் யார் என்று தெரிந்தவராக, வேண்டாம் என்று சொல்லக்கூடியவராக அவர் குனிந்தார். ‘எல்லாருக்கும் ஊழியக்காரனாயிருக்கக்கடவன்’ என்ற வார்த்தையையும் அவர் சொன்னது, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்ட யாக்கோபு யோவானின் பேச்சு எழுந்த இடத்தில்தான். பெரியவர்களாக விரும்புகிறவர்களுக்குக் கொடுத்த கட்டளையை, ஏற்கெனவே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரின் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றக்கூடாது.

உரிமையும் கடனும்

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றை ஒரு வழக்கறிஞரோடு கலந்துபேசிச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் சான்றிதழ்கள் உங்கள் உடைமை. அவற்றைப் பிணையாகப் பிடித்துவைக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. முதலில் வாயால் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தேதியிட்டு எழுத்தில் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து நகல் வாங்கிவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவை எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பொய்யான வாக்குமூலத்தோடு உங்கள் புதிய வாழ்க்கையைத் தொடங்காதீர்கள்.

கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பும் அந்தப் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கடனுக்கு ஈடாக ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டியிருக்கிறது. இந்தச் சட்டங்களைக் காட்டினால் ஏழு ஆண்டுச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும் என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். விருப்பத்தோடு செய்த தொண்டுக்கும் ஊதிய வேலைக்கும் இடையே நீதிமன்றம் கோடு கிழித்துப் பார்க்கும். உங்கள் வேலையில் இரண்டும் கலந்திருக்கிறது. நியமனக் கடிதமும் இல்லை. வழக்கு நீளலாம், தோற்கவும் செய்யலாம். அதில் இறங்குவதா வேண்டாமா என்பதை ஊருக்குப் போய், தூங்கி எழுந்து, தெளிந்த மனத்தோடு முடிவுசெய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அந்த 40,000 ரூபாயைப் பற்றி என் கருத்து இது. கொடுத்த நாளில் காணிக்கை என்று சொல்லிக் கொடுத்தது காணிக்கைதான். இருந்தாலும் அந்தப் பணம் உங்கள் நெஞ்சில் முள்ளாக இருக்குமானால், வேலையில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாயாக வங்கி மூலம் சபைக் கணக்குக்கு அனுப்புங்கள். அப்படிக் கொடுத்தால் அது நீங்கள் மனமுவந்து செய்வதாக இருக்கட்டும். ஆனால் ‘அடைத்துவிட்டுப் போ’ என்ற பேச்சுக்கு மட்டும் உட்படாதீர்கள். பணம் ஒரு பக்கம், உங்கள் ஆள் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க யாரையும் அனுமதிக்கவேண்டாம். ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, உண்மையாகவே அடிமைகளாக இருந்தவர்களும் உட்கார்ந்து கேட்ட சபையில்.

வெளியே வரும் வழி

மூன்று வழிகளை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ஆறு மாத விடுப்பு கேட்பது, சொல்லிவிட்டு முழுவதுமாக விலகுவது, ஒரு நாள் இரவில் பேருந்து ஏறிவிடுவது. விடுப்பு என்பது நல்ல இடங்களில் நல்ல வழி. ஆனால் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பதில்களை வைத்துப் பார்த்தால், அந்த ஆறு மாதமும் தினமும் தொலைபேசியில் குற்றவுணர்வை ஊட்டுகிற காலமாக மாறிவிடக்கூடும். இரவில் போவதை, உடலுக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் செய்யுங்கள். அப்போது யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் கையில் வைத்திருங்கள். அப்படி ஆபத்து இல்லையென்றால், பகலில், சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து போவதே உங்களுக்குப் பின்னாளில் சமாதானம் தரும்.

தனியாகப் பேசப் போகாதீர்கள். உங்கள் தாய்மாமனையும், உங்கள் சொந்த ஊர்ச் சபையில் நீங்கள் மதிக்கும் மூப்பர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நீண்டால் தர்க்கம் செய்யவேண்டாம். ‘அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், இந்த மாதம் முப்பதாம் தேதி என் கடைசி நாள்’ என்ற இரண்டு செய்திகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கணக்கு உங்கள் கையில் இருப்பதால் ஒப்படைப்பில் மிகுந்த கவனம் தேவை. ரொக்கப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், வவுச்சர் கோப்புகள், பீரோச் சாவி, கையிருப்புத் தொகை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போனபின் ஒரு ரூபாய் குறைந்தாலும் உங்கள் பெயர்தான் அடிபடும். விசுவாசிகளின் தொலைபேசி எண்களையோ காணிக்கைப் பட்டியலையோ நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவை உங்களுக்கு உரியவை அல்ல.

பேச்சு வரத்தான் செய்யும். ‘பின்மாற்றக்காரி’ என்பார்கள், கல்யாண வரன் வரும்போது இரண்டு பேர் ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். ஏழு ஆண்டுகளின் நட்புகளில் சில ஒரே வாரத்தில் அறுந்துபோகும். அது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வலிக்கும். அந்த வலியை ‘தேவசித்தம் தவறிவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்ற எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும். ஊருக்குப் போன முதல் வாரத்தில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரத்தச்சோகையோ தைராய்டுக் கோளாறோ இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மனம் மிகவும் சோர்ந்துபோனால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஜெபம் வராத நாள்களில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்துவிட்டுப் படுங்கள், போதும்.

ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். இனி எவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை நான் கண்டிக்கப்போவதில்லை. களைத்துப்போன கைகள் பேசுகிற பேச்சு அது. ஆனாலும் அதை உங்கள் விடுதலையின் வரையறையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் விடுதலை என்றால், மாடியறையில் உங்களைக் கட்டிப்போட்டவர்களே ஊரிலும் உங்கள் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொடுத்த அதே கைகள் நாளைக்கு உங்கள் தகப்பனாரின் மரத்துப்போன வலக்கையைத் தேய்த்துவிடும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே மறுக்க முடியாமல் செய்தீர்கள். இங்கே மறுக்கக்கூடிய நிலையிலிருந்தும் செய்வீர்கள். சில நாள் களைப்பில், ‘அம்மா, இன்றைக்கு நீங்கள் பாருங்கள்’ என்று சொல்லவும் செய்வீர்கள், அதுவும் தவறில்லை. ஊர்ச் சபையில் உடனே எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பாடகர் குழுவுக்கு ஆள் இல்லை, ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை என்று வந்து நிற்பார்கள். ஆறு மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து, வசனத்தைக் கேட்டு, அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ஏழு ஆண்டுகள் வீணாய்ப் போயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் வேலை வாங்கினவர்களின் கணக்கு வேறு. அந்த 23 பிள்ளைகளின் கணக்கு வேறு. உங்கள் கடைசி வரியிலும் அவர்களே இருக்கிறார்கள்: நான் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். போதகரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, ‘அக்காவின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போகிறேன், அவருக்காக ஜெபம் பண்ணுங்கள்’ என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும்.